வேட்டையாடும் வீட்டுப் பூனையும் அதன் வயிற்றுப் புழுக்களும்

கல்வராயன் மலையடிவாரத்தே, நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் சங்கராபுரத்துச் சுற்றூர்களில், பூனையை அழகு கருதி வளர்ப்பார் சிலரே. நெல் மூட்டை அடுக்கிய வீட்டில் எலி புகாதிருத்தல் வேண்டும். அதன்பொருட்டே பூனைக்கு ஒரு பிடி பாற்சோறு. அரை வயிற்றிற்குச் சோறிட்டு, எஞ்சிய பாதியை வேட்டையால் நிரப்பிக்கொள்ள விட்டுவிடுவர். வயிறு நிறைந்த பூனை எலியைத் திரும்பியும் பாராது என்பது எம்மூர் முதியோர் கூற்று.

இங்ஙனம் ஒரு பூனை வளர்ந்த வீட்டை யான் அறிவேன். அவ்வீட்டு மருமகள் கருவுற்ற செய்தி தெரிந்த வாரத்திலேயே, பூனையிடமுள்ள கிருமி வயிற்றுப் பிள்ளையைக் கெடுக்கும் என்று எவரோ சொல்ல, 5 ஆண்டு பழகிய அப்பூனையைச் சாக்கிலிட்டுக் கட்டி ஏரிக்கு அப்பால் விட்டு வந்தனர். இரண்டு திங்களில் எலி பெருகிற்று, மூட்டைகள் கிழிபட்டன. உடனே அடுத்த தெருவிலிருந்து 3 மாதக் குட்டியொன்றைக் கொணர்ந்து வளர்க்கலாயினர். அவர்கள் கொண்ட அச்சத்திற்குக் காரணம் உண்டு. ஆயின் அச்சத்தினாற் செய்த செயலோ தலைகீழானது. அஃது எவ்வாறென விளங்குதற்குப் பூனையின் இரையிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கின் இளமைக்கும் 'குட்டி' என்னும் பெயர் உரியது என்று தொல்காப்பிய மரபியல் கூறும். வெருகு என்பது காட்டுப் பூனை. கொல்வதும் கொல்லப்படுவதும் ஒரே நூற்பாவில் அடுத்தடுத்து நிற்றலைத் தமிழ் பயில்வோர் பலரும் கவனியாமலே கடந்திருப்பர். இயற்கையும் இவ்விரண்டினை ஒரு கயிற்றாற் பிணைத்துள்ளது. அக்கயிறு ஒரு நாடாப்புழு.

டீனியா டீனியாஃபார்மிஸ் என்னும் பெயருடைய இப்புழு, பூனையின் குடலில் அரை மீட்டருக்கு மேலும் வளரவல்லது. அதன் வால்புறத்துக் கணுக்கள் முட்டைகளால் நிறைந்து, ஒவ்வொன்றாகக் கழன்று பூனையின் மலத்தோடு வெளிப்படும். வெளிப்பட்ட கணு சிறிது நேரம் தானே நெளிந்து நகர்தலும் உண்டு. அதிற் சிதறிய முட்டைகள் புல்லிலும் தானியத்திலும் படிய, அவற்றை எலி தின்னும். எலியின் குடலில் முட்டை உடைந்து, உள்ளிருந்த கரு ஈரலை அடைந்து, அங்கே பட்டாணி அளவான வெண்ணிறக் குமிழியாகிப் பூனைக்காகக் காத்திருக்கும். வயலில் எலி பிடித்து அறுப்போர் ஈரலில் இக்குமிழியைக் காண நேரிடும். எலியைப் பூனை தின்றால், குமிழியிலிருந்து வெளிப்பட்ட இளம்புழு குடற்சுவரைப் பற்றிக்கொள்ளும்; ஒன்று முதல் இரண்டரைத் திங்களுக்குள் மீண்டும் கணுக்கள் உதிரத் தொடங்கும். எலியின்றி இப்புழு பூனையை அடைதல் இல்லை. பூனையின்றி இது முதிர்தலும் அரிது.

எலியின் ஈரற்குமிழியும் பூனையின் குடற்புழுவும் ஓருயிரே என்பதை முன்னைய அறிஞர் அறிந்திலர். இரண்டையும் வெவ்வேறு உயிர்களாக எண்ணி வெவ்வேறு பெயரிட்டிருந்தனர். 1850-களில் ஜெர்மானிய மருத்துவர் குயுக்கன்மைஸ்டர் இத்தகைய குமிழிகளை விலங்குகளுக்கு ஊட்டி, அவை நாடாப்புழுக்களாக வளர்வதைக் காட்டிய பின்னரே உண்மை நிலைபெற்றது.

பூனையின் வாலடி மயிரில் காய்ந்த சோற்றுப்பருக்கை அல்லது வெள்ளரி விதை போல ஒட்டியிருப்பதைக் கண்டவர் பலர். அது பெரும்பாலும் வேறொரு நாடாப்புழுவின் கணு. டிபிலிடியம் என்னும் அப்புழு எலியால் வருவதன்று, தெள்ளுப்பூச்சியால் வருவது. மேனியை நக்கித் தூய்மை செய்யும்போது பூனை தெள்ளையும் விழுங்கிவிடுகிறது. ஆதலின் தெள்ளை ஒழியாது இப்புழுவை மட்டும் ஒழிக்க முயல்வது ஓட்டைக் குடத்தில் நீர் சேந்துதலை ஒக்கும்.

உருளைப்புழுவின் கதை இவற்றினும் துயரமுடையது. டாக்சோகாரா கேட்டி என்னும் இது, இடியாப்ப இழை போல வெளுத்து, 3 முதல் 10 சென்டிமீட்டர் வரை நீளும். சில வேளை குட்டிகள் இதனை உயிரோடு வாந்தியெடுப்பதும் உண்டு. தாய்ப்பூனையின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள், அது குட்டியீன்று பாலூட்டத் தொடங்கும்போது பாலின் வழியே குட்டிகளைச் சேர்கின்றன. வயிறு பானைபோலப் பருத்து, விலா எலும்பு தெரிய, மயிர் பொலிவிழந்து குட்டி தேய்ந்து போவதை நம் பாட்டிமார் 'மாந்தம்' என்று சொல்லி வசம்பு உரைத்துத் தடவுவர். பால் தரும் தாயே புழுவையும் தருகிறாள் என்பதை எண்ணி யானும் முதலில் நம்பினேனில்லை.

வேட்டை இங்கும் துணைநிற்கிறது. மண்ணில் விழுந்த உருளைப்புழு முட்டை சில வாரங்களில் முதிரும். அம்முட்டையை எலியோ பறவையோ மண்புழுவோ கரப்பானோ உண்டால், இளம்புழு அவற்றின் உடலில் வளராது தங்கியிருக்கும். அவற்றைப் பிடித்துத் தின்ற பூனையே அதற்கு உரிய இல்லம்.

மக்களுக்கு வரும் கேடும் இம்முட்டையாலேயே. பூனை தன் மலத்தை மூடி மறைக்க நெகிழ்ந்த மண்ணைத் தேடும். வீடு கட்டுதற்குத் தெருவிற் குவித்த மணல் அதற்கு மிக உவப்பானது. சிறுவர்க்கும் அதுவே விளையாட்டுக் களம். மண் படிந்த கையை வாயில் வைக்கும் குழந்தையின் வயிற்றில் முட்டை பொரிந்தால், இளம்புழு குடலிற் பெரும்புழுவாக வளராது, ஈரல், நுரையீரல் முதலிய உறுப்புகளில் வழி தெரியாது அலையும். அரிதாகக் கண்ணையும் அடைந்து பார்வையைக் கெடுக்கும். நாயின் உருளைப்புழுவே இந்நோய்க்குப் பெருங்காரணம் என்பர்; பூனையினதும் விலக்கன்று. மணற்குவியலை இரவில் தார்ப்பாயால் மூடிவைத்தல் எளிய காவல்.

வீட்டினுள்ளும் வேட்டை உண்டு. சுவர்ப்பல்லியைப் பூனை தாவிப் பிடித்தலை நாளும் காண்கிறோம். வெப்ப நாடுகளில் பிளாட்டினோசோமம் என்னும் தட்டைப்புழு ஒன்று நத்தையிலும், பின் ஈரச்சுவரடியில் வாழும் சிறு பூச்சிகளிலும், அவற்றைத் தின்னும் பல்லியிலும் படிப்படியே ஏறி, முடிவிற் பூனையின் பித்தநாளத்தில் குடியேறுகிறது. பூனை உணவை வெறுத்து, வாந்தியெடுத்து, மஞ்சட்காமாலையும் உறலாம். மேனாட்டார் இதனைப் 'பல்லி நஞ்சு' என்றே வழங்கினர். பல்லி விழுந்த சோற்றைக் கொட்டிவிடும் நாம், பல்லியையே தின்னும் பூனையைப் பற்றி ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை!

இனி மருந்து. உருளைப்புழுவிற்குப் பைரன்டெல் முதலியனவும், நாடாப்புழுவிற்குப் பிராசிகுவான்டெலும் உரியன. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. குட்டிக்கு 3 வார வயதில் தொடங்கி, பால் மறந்து இரண்டு வாரம் ஆகும் வரை 15 நாளுக்கு ஒரு முறையும், பின்னர் 6 மாதம் வரை திங்கள்தோறும் கொடுத்தல் நன்று. பாலூட்டும் தாய்க்கும் உடன் கொடுக்க வேண்டும். வேட்டையாடும் வளர்ந்த பூனைக்கு ஆண்டுக்கு 4 முறையேனும் வேண்டும். இம்மருந்து உள்ளிருக்கும் புழுவைப் போக்குமேயன்றி, இனி வருவதைத் தடுக்காது. இன்று மருந்துண்ட பூனை நாளை இரவு ஓர் எலியைத் தின்றால் கதை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். அளவைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துக் கூறுதலே முறை. மற்றொன்று: நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் கலந்த தெள்ளு மருந்தைப் பூனை மீது ஊற்றினால் அது நடுங்கி உயிர்விடக்கூடும். ஒரே கடையில் வாங்கியது என்பதால் இரண்டிற்கும் ஒன்றாகாது.

அவ்வீட்டார் அஞ்சிய கிருமி புழுவன்று. கண்ணுக்குப் புலப்படாத டாக்சோபிளாஸ்மா என்னும் ஓரணு உயிர். 1908-இல் துனிசு நகரில் ஒரு கொறிவிலங்கின் உடலிலும், அதே ஆண்டில் பிரேசில் நாட்டில் முயலிலும் இது காணப்பட்டது. எனினும் உயிருக்கு உயிர் எவ்வாறு பரவுகிறது என்பது நெடுங்காலம் மறைபொருளாயிருந்தது. 1965-இல் ஸ்காத்லாந்து அறிஞர் ஹட்சிசன், இது பூனையின் மலத்தால் பரவுவதைக் கண்டு, உருளைப்புழுவின் முட்டைக்குள் ஒளிந்து செல்கிறது போலும் என ஐயுற்றார். புழுவே இல்லாத பூனைகளும் இதனைப் பரப்புதல் பின்னர்த் தெரிந்தது. 1970-இல் பிரெங்கல், இந்தியாவிற் பிறந்த துபே முதலியோர் இக்கிருமியின் சொந்த முட்டையுறையையே பூனையின் மலத்தில் இனங்கண்டனர். செய்யாத குற்றத்தினின்று உருளைப்புழு விடுபட்டது.

கருவுற்ற பெண்ணை இக்கிருமி முதன்முறையாக அப்போதே பற்றினால் கருவிற்குத் தீங்கு நேரலாம், இது மெய். ஆயின் பூனை இதனை நாளும் பரப்புவதில்லை. நோயுற்ற எலியையோ பறவையையோ முதன்முறை தின்ற பின், ஒன்று முதல் மூன்று வாரம் வரை மட்டுமே பெரும்பாலும் பரப்பும். பிறகு அதற்கு எதிர்ப்பாற்றல் உண்டாகிவிடும். வெளிப்பட்ட உறைகளும் உடனே நோய் தருவனவல்ல. 1 முதல் 5 நாள் சென்றபின்னரே அவ்வாற்றல் பெறும். ஆதலின் மலத்தை அன்றன்றே பிறர் அகற்றிவிட்டால் இடர் மிகக் குறையும். நன்கு வேகாத இறைச்சியும், கழுவாத கீரையும், தோட்டத்து மண்ணும், மடியில் உறங்கும் பூனையைக் காட்டிலும் ஐயத்திற்குரியன.

5 ஆண்டு வயலில் வேட்டையாடிய கிழப்பூனை அம்மூன்று வாரத்தைப் பெரும்பாலும் என்றோ கடந்திருக்கும். அதனை ஏரிக்கு அப்பால் விட்டுவிட்டு, முதல் எலியை இனிமேல்தான் பிடிக்கவிருக்கும் குட்டியை அவ்வீட்டார் அடுப்படியில் ஏற்றினர். இதனை யான் எடுத்துக் கூறியபோது மருமகள் ஏழாம் மாதத்தில் இருந்தாள். அன்று முதல் அவள் மாமியார் மண்சட்டியில் மணலிட்டு, காலைதோறும் தாமே அதனைக் கொட்டிப் புதைத்து வந்தார். குழந்தை ஆனி மாதத்தில் நலமாகப் பிறந்தது. பழைய பூனை திரும்பவில்லை.