விதையின் உறக்கம்

மாதக் கணக்கில் காய்ந்து வெடித்துக் கிடந்த புன்செயில் ஒரு நல்ல மழை பெய்கிறது. ஐந்தாறு நாட்களில் எங்கும் பசும்புல் தலைகாட்டுகிறது. அதை விதைத்தவர் எவருமில்லை. அதன் விதைகள் அத்தனை நாளும் மண்ணுக்குள் உயிரோடு காத்திருந்தன. அவை எவ்வாறு காத்திருந்தன என்பதை நாம் சிறிது ஆராய்வோம்.

விதை என்பது உறங்கும் சிறு செடியேயாகும். அதற்கு வேண்டிய உணவைத் தாய்ச்செடி உடன் வைத்தே அனுப்புகிறது. விதை முற்றும்போது அதிலுள்ள நீரில் பெரும்பகுதி வற்றிவிடுகிறது. நீர் குறையவே சுவாசமும் ஒடுங்குகிறது. சேமித்த உணவும் மெல்லவே செலவாகிறது.

ஆயினும், ஈரம் பட்டவுடன் எல்லா விதைகளும் முளைத்துவிடுவதில்லை. ஒரு தூறலை நம்பி முளைத்தால் மறுநாள் வெயிலில் கருக வேண்டியதுதான். ஆகவே இயற்கை விதைக்குப் பலவகைப் பூட்டுக்களை அமைத்திருக்கிறது. கருவேல விதையின் ஓடு நீரை உள்ளே விடாது; ஆட்டின் வயிற்றுக்குள் சென்று வந்தபின் அது எளிதில் முளைக்கிறது. பாலைவனச் செடிகள் சிலவற்றின் விதைகளில் முளைப்பைத் தடுக்கும் பொருள் உண்டு. பெருமழை பெய்தாலொழிய அது கரைந்து நீங்குவதில்லை. காஷ்மீரத்து ஆப்பிள் விதை இரண்டு மூன்று மாதங்கள் ஈரமும் குளிரும் பட்ட பின்னரே விழிக்கிறது. இலையுதிர் காலத்திலேயே முளைத்தால் இளங்கன்று பனியில் மடிந்து போகுமன்றோ?

இவ்வுறக்கத்தின் அருமையை உழவர் நன்கறிவர். அறுவடை வேளையில் அடைமழை பிடித்தால், உறக்கமில்லாத நெல் கதிரிலேயே முளைத்து ஒரு போகத்தின் உழைப்பு வீணாகிறது. சில வாரம் உறங்கும் இயல்புள்ள நெல்லோ தப்பிவிடுகிறது.

விதை எத்தனை காலம் உயிரோடிருக்கும்? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் பீல் என்னும் தாவர நூலறிஞர் 1879-ஆம் ஆண்டில் களை விதைகளைப் புட்டிகளில் இட்டுப் புதைத்தார். அவற்றுள் ஒரு புட்டியை 2021-இல் தோண்டியெடுத்தபோது, 142 ஆண்டுகளுக்குப் பின்னும் சில விதைகள் முளைத்தன. ஆனால் மா, பலா, ரப்பர் ஆகியவற்றின் விதைகளுக்கு இப்பொறுமை இல்லை. உலர்ந்தால் அவை இறந்துவிடும். அவற்றை விரைவில் நட்டே காக்க வேண்டும்.

உலரும் விதைகளையோ நெடுங்காலம் காக்கலாம். தில்லியிலுள்ள தேசிய மரபணு வங்கியில் நம் நாட்டுப் பயிர்களின் விதைகளை உலர்த்தி, உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி குளிரில் வைத்திருக்கிறார்கள். ஓர் ஊரில் வழக்கொழிந்த நெல் ரகம் மறுபடியும் வயலுக்கு வர அங்கே வழியுண்டு.

வீட்டிலும் இதே விதிதான். விதையின் ஈரம் 100-க்கு 1 பங்கு குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும்; வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அவ்வாறே. ஆகையால் விதை நெல்லை நன்றாக உலர்த்தி, ஈரம் புகாத கலத்தில், குளிர்ந்த இடத்தில் வைப்போம். மண்ணில் தானே காத்திருக்கும் விதையை, குதிரில் காக்கும் பொறுப்பு நம்முடையது.