களையை வளர்ப்பது காற்றல்ல

வட்டவளையில் புல்வெட்டி முடித்த தேயிலை மலையில் சில வாரங்களிலேயே களை மறுபடி தலைகாட்டினால், பழி காற்றின் மேல் விழுகிறது. முயற்செவிக் களையின் விதைகள் வெண்பஞ்சுக் குஞ்சத்தோடு மிதந்து வருவது கண்ணுக்குத் தெரிவதால், எல்லாம் பக்கத்துத் தரிசிலிருந்தே வருகின்றன என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்தச் சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளின் வாழ்க்கையைப் பார்த்தால், காற்றைவிட வெறுந்தரைக்கே பொறுப்பு அதிகம்.

இக்குடும்பத்தில் விதை பறக்கும் விதம் நன்கு ஆராயப்பட்ட ஒன்று குளிர்நாடுகளின் டேண்டிலியன். அதன் ஒவ்வொரு விதையின் குஞ்சத்திலும் சுமார் 100 இழைகள் உண்டு. அவற்றினூடே கசியும் காற்று குஞ்சத்துக்கு மேலே ஒரு சுழல் வளையமாகி விதையைத் தாங்குகிறது என எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். இத்தனை நுட்பம் இருந்தும் பெரும்பாலான விதைகள் தாய்ச்செடிக்குச் சில மீட்டருக்குள்ளேயே விழுகின்றன. ஈரம் பட்டால் குஞ்சமும் குவிந்துவிடும். முயற்செவிக்கும் இது பொருந்துமானால், ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் வட்டவளையில், தென்மேற்குப் பருவக்காற்று எவ்வளவு வீசினாலும் விதை அதிகம் பறக்காது. தை, மாசி வெயிலே அதற்குத் தோது. டேண்டிலியன் ஆணிவேரை நம்பிப் பல ஆண்டு நிற்கும். முயற்செவியோ ஓராண்டுக்குள் மடிவது. ஒவ்வொரு தலைமுறையும் புது இடம் தேடியாக வேண்டும். சின்னஞ்சிறு விதையில் சேமிப்பு சொற்பம். தேயிலை அடர்ந்து மூடிய நிழலில் அந்த நாற்று தேறுவது அரிது. கவ்வாத்து வெட்டிய மலையிலும் சுரண்டியால் வழித்த தரையிலும் அதற்கு வெளிச்சம் தாராளம்.

ஆள் பற்றாக்குறையில் மருந்தடிப்பதே வழி என்பார்கள். இலங்கையில் 2015இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேட் களைக்கொல்லி, 2018இல் தேயிலைக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டதன் பின்னணியில் அந்த நெருக்கடியும் இருந்தது. ஆனால் அமெரிக்காவின் டெலவேரில் 2000ஆம் ஆண்டிலேயே அம்மருந்துக்கு மசியாத களை காணப்பட்டது. அதுவும் குஞ்சத்தில் பறக்கும் இதே குடும்பத்துச் செடிதான். அதனால் மருந்தை மட்டும் நம்பாமல் தரையை மூடி வைப்பதே மேல். கவ்வாத்து மலையை மூடி வைக்க முடியுமா, வெட்டிய மிலாறு விறகுக்குப் போகிறதே என்பது நியாயமான கேள்வி. தடித்த கொம்பு அடுப்புக்குப் போகட்டும். சிறு கிளையும் இலையும் மண்ணிலேயே கிடந்தால் வெளிச்சமும் மறையும், மழையில் மேல்மண்ணும் கானுக்குள் ஓடாது. தரிசிலிருந்து வரும் சில விதைகளைத் தடுக்க முடியாதுதான். அவை வேர்பிடிக்க இடம் கொடுக்காமலிருக்கலாம். பூத்தபின் பிடுங்கிப் போட்டாலும் டேண்டிலியன் விதை முற்றிவிடும், முயற்செவியும் அப்படியே இருக்கலாம் என்பதால், இருக்கிற ஆட்களை மொட்டு விரியுமுன், வெயில் மாதங்களுக்கு முன்பே, கவ்வாத்து மலைக்கு அனுப்புவதே சிக்கனம்.