புதைத்து வைத்த தாலந்து

இராயபுரம் என்னும் பெயரிலேயே ஒரு மீனவரின் நினைவு அடங்கியிருக்கிறது. நம் முன்னோர் இராயப்பர் என்று அன்போடு அழைத்த தூய பேதுருவின் பெயரையே இவ்வூர் தாங்கி நிற்கிறது என்பர். சென்னைக்குத் துறைமுகம் அமையாத நாட்களில், கப்பல்கள் கரைக்குத் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளில் ஆட்களையும் சரக்கையும் ஏற்றி, குமுறும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தவர்கள் இப்பகுதிப் படகோட்டிகள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே இராயப்பருக்கு ஆலயம் எழுப்பியவர்களும் அவர்களே. கடல்மீது நடந்து, காற்றைக் கண்டு அஞ்சி மூழ்கத் தொடங்கிய அப்போஸ்தலரை அலையோடு வாழ்ந்த மக்கள் தம் பாதுகாவலராகக் கொண்டது எத்துணைப் பொருத்தம்!

பேதுரு அஞ்சியதை நாம் சற்று அவசரமாகவே குறை கூறிவிடுகிறோம். அவர் கடலுக்குப் புதியவர் அல்லர். உயிர்த்த ஆண்டவரைக் கரையில் கண்டதும் தண்ணீரில் குதித்தவரும் அவரே. காற்றின் வலிமை கடலை அறிந்தவனுக்கே நன்கு புலப்படும். ஆகவே அச்சம் எப்போதும் திறமையின்மையின் அடையாளம் ஆகாது. மேலும் ஒன்று: படகிலேயே அமர்ந்திருந்த ஏனைய சீடர்கள் மூழ்கவில்லைதான், ஆனால் நடக்கவும் இல்லை.

இதை எழுதுவது நம் பங்குகளிலுள்ள இளையோரை எண்ணியே. பாடற்குழுவில் பிறர் இயற்றிய பாடலை இனிமையாகப் பாடும் பெண், தான் இயற்றியதை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் மறைத்து வைத்திருக்கிறாள். திருவிழா நாடகத்துக்கு வசனம் எழுதக் கூடியவன், "எனக்கு என்ன தெரியும், சாமி?" என்று ஒதுங்கிக்கொள்கிறான். துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்துக் களைத்த பெற்றோர், "பாட்டு சோறு போடுமா?" என்று கேட்பதும் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் பிள்ளையின் உள்ளத்தில் முன்பே குடியிருக்கும் ஐயத்தோடு அதுவும் சேரும்போது, நோட்டுப் புத்தகம் பரண்மேல் ஏறிவிடுகிறது.

தாலந்து உவமையில் மூன்றாம் ஊழியன் கூறும் காரணத்தைக் கவனித்ததுண்டா? தலைவர் அவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்கிறார். அவனோ அச்சத்தையே காரணமாகக் காட்டுகிறான். அஞ்சியதால் புதைத்தேன் என்பதே அவன் வாதம். அவன் திருடவில்லை, வீணாகச் செலவழிக்கவுமில்லை. ஆனாலும் அவ்வாதம் ஏற்கப்படவில்லை.

நம் தமிழ் மரபோ, அச்சத்துக்கென்றே நூலில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. அதுவே அவையடக்கம். காப்பியத்தின் வாயிலிலேயே புலவர் தம் குறையைச் சான்றோர் முன் எடுத்துரைப்பார். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க முனைந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டார் கம்பர். அதை வெறும் சம்பிரதாயம் என்று என்னால் எண்ண இயலவில்லை. வால்மீகியை நன்கறிந்தவருக்கு நடுக்கம் இல்லாதிருக்குமா? ஆனால் நடுக்கத்தைச் சொல்லிவிட்டு அவர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிடவில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடி முடித்தார்.

அந்த மரபின் வழியில் வந்ததே வீரமாமுனிவரின் தேம்பாவணி. 1680இல் இத்தாலியில் பிறந்த அவர், இந்திய மண்ணை மிதித்தபோது ஏறக்குறைய 30 வயதினர். ழகரமும் றகரமும் முப்பது வயது நாவுக்கு எளிதில் வசப்படுமா? கற்றறிந்த தமிழரிடம் மாணவராய் அமர்ந்து பாடம் கேட்டார். சுப்பிரதீபக் கவிராயரை அவருடைய ஆசிரியராகக் குறிப்பர். 1726இல் 3615 பாடல்கள் கொண்ட காப்பியத்தைத் தந்தார். அதன் தலைவரோ, நற்செய்தி ஏடுகளில் ஒரு சொல்லும் பேசாத சூசையப்பர்! பிற நாட்டார் ஒருவர், கம்பர் பாடிய மொழியில், பேசாத ஒருவரைப் பற்றிக் காப்பியம் பாடத் துணிந்தார். பின்னர் 1730இல் தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கண நூலும், 1732இல் சதுரகராதியும் அவரிடமிருந்து வந்தன.

பேதுரு மூழ்கும்போது கூவி அழைத்தார். முனிவர் ஆசிரியரை நாடினார். நம் பிள்ளைகளுக்கும் ஒரு கை தேவைப்படுகிறது. ஜூன் 29 இராயப்பர் திருநாளுக்கு ஒரு பாடலேனும் அவர்களே இயற்றியதாக இருக்கட்டும். பெற்றோரே, முதலில் வீட்டில் மாலைச் செபமாலை முடிந்தபின் அதைப் பாடிக் காட்டச் சொல்லுங்கள். சந்தம் இடறினால் பாடற்குழு ஆசிரியர் திருத்திக்கொள்வார். எழுத்துப் பிழைகளைப் பற்றி அன்று மாலை மட்டும் எவரும் பேச வேண்டாம்.