பழைய குதிரையேற்ற உடை வாங்கலாம். பழைய தலைக்கவசம் வேண்டாம்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளைக் குதிரைமீது அமர்த்தி அளிக்கும் இயக்கப் பயிற்சிக்கும், பொழுதுபோக்கிற்கான குதிரையேற்ற வகுப்பிற்கும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தலைக்கவசம், உடற்கவசம், காலணி, கால்சட்டை என யாவற்றையும் புதிதாக வாங்கப் பெருந்தொகை வேண்டியிருக்கிறது. பிள்ளையோ ஓராண்டிற்குள் வளர்ந்துவிடுகிறது. ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினால் என்ன? உடையையும் காலணியையும் தாராளமாக வாங்கலாம். தலைக்கவசத்தையும் உடற்கவசத்தையும் அவ்வாறு வாங்கலாகாது.

குதிரைமீது அமர்ந்திருக்கும் பெரியவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ எட்டு அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழுகையில் மண்டையோடு தரையில் மோதி நின்றுவிட்டாலும், உள்ளிருக்கும் மூளை உடனே நிற்பதில்லை. அது எலும்பின் உட்புறத்தில் மோதுகிறது. தலைக்கவசத்தின் பளபளப்பான வெளி ஓட்டைவிட, அதனுள் இருக்கும் நுரை அடுக்கே இங்கு முக்கியமானது. தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி வரும் தெர்மாகோலின் அடர்த்தி மிகுந்த வடிவம் அது. மோதலின்போது அதன் நுண்ணிய காற்றறைகள் நசுங்குகின்றன. நசுங்குவதாலேயே விசையைத் தாம் வாங்கிக்கொண்டு, தலை நிற்பதற்கான நேரத்தைச் சற்றே நீட்டித்துத் தருகின்றன. நசுங்கிய அறைகள் மீண்டும் எழுவதில்லை. அடுத்த முறை அதே இடத்தில் அடிபட்டால் காப்பதற்கு அங்கு ஏதும் இராது.

இச்சேதம் வெளியே தெரியாது என்பதே சிக்கல். ஓட்டில் கீறல்கூட இல்லாமல் உள்ளே நுரை நசுங்கியிருக்கலாம். விற்பவர் பொய் சொல்கிறார் என்று நாங்கள் கூறவில்லை. சிமென்ட் தரையில் அது ஒருமுறை விழுந்ததையோ, வெயிலில் நின்ற காருக்குள் கோடை முழுதும் கிடந்ததையோ அவரே அறியாதிருக்கலாம். மேலும், பழைய தலைக்கவசங்கள் பழைய தரமுத்திரையைத் தாங்கியிருக்கும். இ.என். 1384 என்ற ஐரோப்பியத் தரம் 2014இல் விலக்கிக்கொள்ளப்பட்டு, 2017இல் திருத்திய வடிவில் வெளிவந்தது. புதிதாக வாங்குகையில் பி.ஏ.எஸ். 015, வி.ஜி.1, ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163 ஆகியவற்றுள் ஒன்று உட்புற ஒட்டுச்சீட்டில் உள்ளதா என்று பாருங்கள். விலையுயர்ந்த வெல்வெட் உறையைவிட அச்சீட்டே முக்கியம்.

வீட்டில் உள்ள இருசக்கர வாகனத் தலைக்கவசம் போதாதா என்றும் சிலர் கேட்கின்றனர், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். அம்முத்திரை சாலை விபத்தைக் கருதி அளிக்கப்பட்டது. அக்கவசம் குழந்தையின் கழுத்திற்குப் பெருஞ்சுமை. பயிற்றுநரின் குரலையும் மறைக்கும். கழுத்து நிலைபெறாத குழந்தைக்கு எந்த எடையுள்ள கவசம் ஏற்றது என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். புருவத்திற்குச் சற்று மேலே நாடாவைச் சுற்றித் தலையை அளந்து வாங்க வேண்டும். அணிந்தபின் கவசத்தை மெல்ல அசைத்தால் நெற்றித் தோலும் உடன் அசைய வேண்டும். கவசம் மட்டும் நகர்ந்தால் அது பெரிது. அடுத்த ஆண்டிற்கும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்கும் நம் வழக்கம் பள்ளிச் சீருடையோடு நிற்கட்டும்.

மார்பையும் முதுகையும் காக்கும் உடற்கவசத்தின் நுரை வேறு வகையானது. அது அமுங்கி எழும். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகிவிடும். குழி விழுந்த இடம் அரை மணி நேரத்திற்குள் பழைய நிலைக்கு வராவிட்டால் அது பயனற்றது. இந்த அளவுகோல் உங்களிடம் ஏற்கெனவே உள்ள கவசத்திற்கும் பொருந்தும்.

காலணியில் மூன்றைக் கவனித்தால் போதும். தெளிவான குதிகால் வேண்டும். இல்லையேல் பாதம் அங்கவடிக்குள் நழுவிச் சிக்கி, விழுந்தவரைக் குதிரை இழுத்துச் செல்லும் ஆபத்து உண்டு. அடிப்பகுதி ஆழ்ந்த பள்ளங்களின்றி வழவழப்பாக இருத்தல் நலம். பழைய பசை விட்டு அடித்தோல் பிரிகிறதா என்று வளைத்துப் பாருங்கள்.

கால்சட்டை, கையுறை ஆகியவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். தொடையின் உட்புறத் தையல் உறுத்தாமல் இருந்தால் சரி. இராஜஸ்தானத்து ஜோத்பூரின் பெயரைத் தாங்கிய கால்சட்டை நல்ல துணியில் தைத்ததாயின் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு வரும். குதிரையிடமிருந்து படர்தாமரை மனிதருக்குத் தொற்றக்கூடும் ஆதலால், வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். லாயத்து மண்ணில் ரணஜன்னிக் கிருமி இருக்கக்கூடும். தடுப்பூசி முறையாகப் போடப்பட்டுள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய தலைக்கவசம் வாங்க இயலாதோர் பயிற்சிப் பள்ளியில் இரவல் பெறலாம். ஒருவர் அணிந்து விழுந்த கவசத்தை அப்பள்ளி உடனே விலக்கிவிடுகிறதா என்று மட்டும் கேளுங்கள். தயக்கத்தோடு விடை வந்தால் வேறு பள்ளியை நாடுங்கள்.

விழுந்த பிள்ளை எழுந்து நடந்தாலும் அன்றிரவு முழுதும் கவனியுங்கள். மீண்டும் மீண்டும் வாந்தி, மிகுந்த உறக்கம், பேச்சில் குழப்பம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ நீர்போல் கசிவு, இரு கண்மணிகளின் அளவில் வேறுபாடு ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் காத்திராமல் அவசரப் பிரிவிற்கு வாருங்கள். பிள்ளை நலமாக வீடு திரும்பியபின், அன்று அணிந்திருந்த கவசத்தைத் தம்பிக்கோ அண்டை வீட்டுக் குழந்தைக்கோ கொடுத்துவிடாதீர்கள். தாடைப்பட்டையை இரண்டாக வெட்டிவிட்டுக் குப்பையில் இடுங்கள். எடுத்துச் செல்பவரும் அதை அணிய இயலாது.