ஏரிப் பக்கம் ரெண்டு... அப்புறம் மேலே ஒண்ணு!

விமான நிலைய வாசலில் டாக்ஸி டிரைவரிடம் விலாசச் சீட்டை நீட்டுகிறார் புதுசாக வந்து இறங்கிய வெளிநாட்டுக்காரர். அதில் இப்படி இருக்கிறது:

'சின்ன மரம் இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கம் ரெண்டு பிளாக், மேலே ஒரு பிளாக், அப்புறம் இருபது வாரா.'

கதவு எண்? கிடையாது. தெருப் பெயர்? மூச்! ஏதோ புதையலுக்கு வழி எழுதிய ஓலை மாதிரி இருக்கிறதே என்று ஆசாமிக்கு லேசாக வியர்க்கும். டிரைவரோ கூலாகத் தலையாட்டி வண்டியைக் கிளப்புவார். ஏனென்றால் அதுதான் மனாகுவா. மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸுக்கும் கோஸ்டாரிகாவுக்கும் நடுவே இருக்கும் நிகரகுவா நாட்டின் தலைநகரம். ஏறத்தாழ பத்து லட்சம் பேர் வாழும் ஊர். அங்கே வங்கி, கம்பெனி, பல் டாக்டர் எல்லோருடைய விசிட்டிங் கார்டிலும் விலாசம் இந்த லட்சணத்தில்தான் அச்சாகிறது. பெரிய சாலைகளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. யாரும் சீந்துவதில்லை, அவ்வளவுதான்.

சூத்திரம் தெரிந்தால் சுலபம். ஊருக்கு வடக்கே சொலோட்லான் என்ற பெரிய ஏரி. அதனால் 'ஏரிப் பக்கம்' என்றால் வடக்கு. தெற்கு, தெற்குதான். 'மேலே' என்றதும் அண்ணாந்து மொட்டை மாடியைத் தேடாதீர்கள். சூரியன் மேலே வருகிற திசை, அதாவது கிழக்கு. சூரியன் கீழே இறங்குவது மேற்கு. ஆக, 'கீழே' என்றால் மேற்கு. வாரா என்பது ஸ்பானியர் காலத்து அளவுகோல். ஒரு வாரா சுமார் 84 சென்டிமீட்டர். மீட்டர் வந்து எத்தனையோ காலம் ஆகியும் விலாசத்தில் அதுதான் ராஜா.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஆரம்பிக்கிற புள்ளியில்தான் இருக்கிறது சங்கதி. இந்தத் தினுசு உரையாடல் அங்கே டாக்ஸிக்கு டாக்ஸி நடக்கும்:

"அந்தச் சின்ன மரம் எங்கேப்பா இருக்கு?"

"மரமா? அது போய் ரொம்ப வருஷம் ஆச்சே, அமிகோ!"

"அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"மரம் போனா என்ன? மரம் இருந்த இடம் அங்கேயேதானே இருக்கு!"

கையில் செல்போன் வரைபடத்தை வைத்துக்கொண்டு அலட்டினாலும் "அது எதுக்குப் பக்கத்துல?" என்றுதான் கேட்பார்கள். ஊரின் பாதி அடையாளங்கள் 'இருந்த இடம்' வகை. சினிமா தியேட்டர் இருந்த இடம், கம்பெனி இருந்த இடம், ஆஸ்பத்திரி இருந்த இடம். இருப்பதை வைத்து வழி சொல்லும் ஊர்கள் உண்டு. இல்லாததை வைத்து வழி சொல்கிற தலைநகரம் அபூர்வம். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். காரணம் தெரிந்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

1972, டிசம்பர் 23. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு. நள்ளிரவு தாண்டி சுமார் அரை மணி. பூமி குலுங்கியது. ரிக்டர் அளவில் 6.2தான், ஆனால் பூமிப் பிளவு ஓடுவது நகரத்தின் நட்ட நடுவில். ஆழமும் குறைவு. நகர மையம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. தீயை அணைக்க வேண்டிய தீயணைப்பு நிலையமே வண்டிகளின் மேல் இடிந்து விழுந்தது. பெரிய ஆஸ்பத்திரிகள் நான்கும் பயனற்றுப் போயின. இறந்தவர்கள் 5,000 என்றும், 10,000க்கு மேல் என்றும் பல கணக்குகள். வீடிழந்தவர்கள் லட்சக்கணக்கில். 1931 மார்ச்சிலும் இதே ஊர் இதே போல் தரைமட்டமானது என்பது கொசுறு சோகம்.

உலகமே பணமும் மருந்தும் அனுப்பியது. அப்போது ஆட்டிப்படைத்தவர் அனஸ்தாசியோ சொமோசா. நிவாரணப் பொருட்களில் பெரும் பங்கு அவருடைய ஆட்கள் கைக்கும் படை வீரர்கள் கைக்கும் போனது. இதைக் கேள்விப்பட்டுக் கொதித்தவர் ராபர்ட்டோ கிளமென்டே. போர்ட்டோரிகோக்காரர். அமெரிக்க பேஸ்பால் உலகின் சூப்பர் ஸ்டார். அந்த நவம்பரில்தான் மனாகுவாவில் நடந்த போட்டிக்குத் தன் ஊர் அணியை அழைத்து வந்து போயிருந்தார். நானே கூடப் போனால் எவனும் கை வைக்கமாட்டான் என்று, டிசம்பர் 31 அன்று நிவாரண விமானத்தில் தானும் ஏறினார். அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றிய விமானம் கிளம்பிய சில நிமிடங்களில் கடலில் விழுந்தது. அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. பேஸ்பாலை உயிராக நினைக்கும் நிகரகுவாவில் அவர் பெயரை இன்றும் மறக்கவில்லை. பக்கத்து ஊரான மசாயாவில் ஒரு ஸ்டேடியமே அவர் பெயரில் இருக்கிறது.

சொமோசா? 1979 ஜூலையில் புரட்சி வந்தபோது நாட்டை விட்டு ஓடினார். நிவாரணக் கொள்ளை அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள்.

இடிந்த மையத்தை முழுசாகத் திரும்பக் கட்டவே இல்லை. ஊர் சுற்றிலும் விலகி விலகி வளர்ந்தது. அதனால் 'டவுனுக்குப் போகணும்' என்று கேட்கிற பயணி திருதிருவென்று விழிப்பார். கடைத்தெரு, கூட்டம், பரபரப்பு என்று எதிர்பார்த்துப் போனால் அகலமான சாலை, புல்வெளி, காற்று! நடுவே பழைய தேவாலயம். பெல்ஜியத்திலிருந்து கொண்டுவந்த இரும்புச் சட்டத்தில் எழுப்பியது. அதனால் விழாமல் விரிசலோடு நிற்கிறது. 1972க்குப் பிறகு வழிபாடு இல்லை. அதற்குப் பதிலாக 1993ல் வேறு இடத்தில் புதுசு கட்டினார்கள். கூரையில் 63 குட்டிக் கும்மட்டங்கள், முட்டை அடுக்கும் தட்டைக் கவிழ்த்த மாதிரி! செலவில் பெரும் பங்கு கொடுத்தவர் டாமினோஸ் பீட்சாவை ஆரம்பித்த டாம் மோனகன்.

தப்பித்த இன்னொரு கட்டடம் பிரமிட் வடிவ ஹோட்டல். பூகம்ப ராத்திரி அதில் ஒளிந்து வாழ்ந்துகொண்டிருந்தவர் அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ். யார் கண்ணிலும் படாத மனிதர் அன்றைக்கு வெளியே வந்து காரில் பொழுதைக் கழித்தார். பிறகு விமானம் ஏறியவர் திரும்பவே இல்லை.

ஹோட்டலுக்குப் பின்னால் திஸ்காபா குன்று. உச்சியில் தொப்பி போட்ட ஒரு கறுப்பு உருவம், ஊரின் பல பகுதிகளிலிருந்து தெரியும். புரட்சி வீரர் சாண்டினோ. 1934 பிப்ரவரியில் இதே குன்றிலிருந்த ஜனாதிபதி மாளிகையில் விருந்து சாப்பிட்டுவிட்டு இறங்கியவரைத்தான் பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டார்கள்.

சாலையோரங்களில் வண்ண வண்ணமாய் இரும்பு மரங்கள் நிற்பதைப் பார்ப்பீர்கள். அதிபர் ஒர்தேகாவின் மனைவி ரொசாரியோ முரியோவின் யோசனைப்படி 2013லிருந்து நட்டவை. 2018 ஏப்ரலில் அரசுக்கு எதிராகக் கிளம்பிய ஜனங்கள் முதலில் கை வைத்தது இவற்றின் மேல்தான். ஒவ்வொன்றாகச் சாய்த்தார்கள். பதிலுக்கு விழுந்த குண்டுகளில் 300க்கு மேல் உயிர் போனது. அதனால் புதிதாகப் போகிறவர்கள் டாக்ஸியில் அரசியல் பேசாமலிருப்பது உத்தமம்.

டாக்ஸிக்கு மீட்டர் கிடையாது. ஏறுவதற்கு முன்பே பேரம். நீங்கள் உட்கார்ந்த பிறகும் வழியில் கை காட்டுகிறவர்களை ஏற்றிக்கொள்வார்கள். பதறாதீர்கள், அங்கே அது வழக்கம். ராத்திரி என்றால் விடுதியிலேயே சொல்லி வண்டி வரவழைப்பது நல்லது. பசித்தால் சாயங்காலம் ஃபிரிதாங்கா என்கிற தெருவோர அடுப்புகள். சுட்ட இறைச்சி, பொரித்த வாழைக்காய், கூடவே காயோ பிந்தோ. பெயருக்கு அர்த்தம் 'புள்ளிச் சேவல்'. சேவலைத் தேடினால் கிடைக்காது. வெறும் சோறும் சிவப்பு பீன்ஸும்!

இரண்டாவது நாளே முக்கால்வாசிப் பயணிகள் அழகான கிரனாடா ஊருக்குப் பறந்துவிடுவார்கள். சுமார் 45 கிலோமீட்டர். மினிபஸ்கள் பல ஆண்டுகளாகப் புறப்பட்ட இடம், ஏசு சபையினர் நடத்திய 'ஊகா' பல்கலைக்கழகத்தின் எதிரே. 2018ல் மாணவர்கள் திரண்ட பல்கலைக்கழகம். 2023 ஆகஸ்டில் அரசு அதைப் பறிமுதல் செய்து பெயரையும் மாற்றிவிட்டது. ஆக, இன்னொரு 'இருந்த இடம்' சேர்ந்துவிட்டது. பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் ஊர்க்காரர்களுக்கு வழி சொல்வதில் சிரமம் இருக்காது. 50 வருஷப் பழக்கமாச்சே!