படத்துக்குப் பக்கத்தில் ஒரு புலவர்

பாலக்காடு மாவட்டப் பாரம்பரிய அருங்காட்சியகத்துக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் திருச்சூரைச் சேர்ந்த ரோபோ நிறுவனம் ஒன்று புதிய வேலை ஒன்றைக் கையில் எடுத்தது. தோல்பாவைகளை மனிதக் கைக்குப் பதிலாக இயந்திரத்தால் ஆட்டுவிக்கும் வேலை அது. மோட்டார் சுழல, திரையில் ராமனும் ராவணனும் நிழலாக எழுவார்கள். கூடவே பதிவுசெய்த குரல் ஒலிக்கும். கூத்துக்காலம் இல்லாத நாளிலும் வருகிறவர்கள் இந்தக் கலையின் சாயலையாவது பார்த்துவிட்டுப் போகலாம். நல்ல எண்ணம்தான். ஆனால் தோல்பாவைக்கூத்தில் பாவை ஒரு பாதி. மறுபாதி, பாவைக்குப் பின்னால் உட்கார்ந்து பாட்டுக்குப் பொருள் சொல்கிற புலவர். அவரை இயந்திரத்துக்குள் வைக்க முடியாது.

அருங்காட்சியகங்களில் பொது உரைகளும் காட்சிக்கூட உரைகளும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது பாரதப்புழைக் கரையில் இருக்கும் கூத்துமாடங்களைத்தான். படத்தை வைத்துக்கொண்டு ஊராருக்கு விளக்கம் சொல்லும் வழக்கத்தை இந்த மண் வெளியிலிருந்து கற்கத் தேவையில்லை. பல தலைமுறைகளாக இங்கே அது நடக்கிறது. நடப்பது பெரும்பாலும் தமிழில். விளக்கப்படுவது கம்பராமாயணம்.

கூத்துமாடம் என்பது பகவதி கோயில் வளாகத்தில் இதற்கென்றே கட்டிய நீண்ட மேடை. முன்னால் திரை: மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்புத் துணி. திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி வரிசையாக ஏற்றிய 21 விளக்குகள். தோலில் வெட்டித் துளையிட்டுச் செய்த பாவைகளின் நிழல் வெள்ளைத் துணியில் விழும். 7, 14, 21, 41, 71 என்று கோயிலுக்குக் கோயில் இரவுகளின் கணக்கு மாறும். அறுவடை முடிந்த பின், ஏறத்தாழ ஜனவரி முதல் மே வரை கூத்துக்காலம். ராமன் ராவணனோடு போரிட்ட வேளையில் பகவதியாகிய பத்ரகாளி தாருகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாளாம். அவள் காணத் தவறிய போரை அவளுக்குக் காட்டவே கூத்து என்பது ஐதீகம்.

நிழற்கூத்து என்றதும் விடிய விடியப் பாவைகள் துள்ளிக்கொண்டிருக்கும் என்று நினைப்போம். போர்க்காட்சிகளில் அப்படித்தான். மற்ற நேரங்களில் பாவைகள் திரையில் குத்திவைக்கப்பட்டு அசையாமல் நிற்கும். குரல்தான் நகரும். புலவர் கம்பன் பாட்டு ஒன்றைப் பாடுவார். பிறகு அதைப் பிரித்துப் பொருள் சொல்வார். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு புராணக் கதை ஒன்றுக்குள் நுழைவார், அங்கிருந்து இலக்கணத்துக்குப் போவார், பழையபடி பாட்டுக்கே திரும்புவார். இன்னொரு புலவர் பாவையின் வாயாகவே ஐயம் எழுப்புவார். முதல் புலவர் விடை சொல்லியாக வேண்டும். பாட்டு தமிழ். உரையில் தமிழோடு மலையாளமும் வடமொழியும் கலந்து வரும். இந்தப் பாட்டும் உரையும் சேர்ந்த தொகுப்புக்கு ஆடல்பற்று என்று பெயர். ஓலையிலும் வாய்மொழியிலுமாக அது கைமாறி வந்திருக்கிறது.

இந்தக் கூத்தை ஆராய்ந்து 1996-இல் நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் எழுதியவற்றில் என்னை விட்டு அகலாத செய்தி ஒன்று உண்டு. நள்ளிரவுக்குப் பின் திரைக்கு முன்னால் பெரும்பாலும் யாருமே இருப்பதில்லை. ஆனாலும் உரை குறைவதில்லை. மாடத்துக்குள் இருக்கும் புலவர்களே ஒருவருக்கொருவர் கேட்போராக இருந்து கேள்வியும் விடையுமாக இரவைக் கடத்துகிறார்கள். ஆள் வரவில்லை என்று நிகழ்ச்சியை ரத்து செய்யும் நம் காலத்து அரங்குகளை நினைத்தால், இந்தப் புலவர்கள் மேல் பெரிய மதிப்பு வருகிறது.

அருங்காட்சியக உலகம் இந்த இடத்துக்குப் பிந்தித்தான் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், காட்சிக்கூடங்களில் பார்வையாளரோடு நின்று விளக்கம் சொல்ல ஆட்களை அமர்த்தும் முறையை 1907-இல் தொடங்கினார். 1911-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன் முதல் வழிகாட்டி உரையாளரை நியமித்தது. கில்மன் 1916-இல் வேறொன்றும் செய்தார். பேழைகளைப் பார்க்க மனிதர் எப்படியெல்லாம் குனிந்து வளைந்து களைத்துப்போகிறார் என்பதைப் புகைப்படங்களோடு கட்டுரையாக எழுதினார். நூறு பொருள்களை ஒரே மூச்சில் பார்த்தவர் ஒன்றையும் பார்க்கவில்லை என்பது அப்போதே தெரிந்த உண்மை. அடுத்த ஆண்டு அதே அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப்பிரிவின் பொறுப்பேற்றவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கலைப்பொருள் எதற்காகச் செய்யப்பட்டது, யார் கையில் என்ன வேலை செய்தது என்று சொல்லாமல் அதை வெறும் அழகாக மட்டும் காட்டக் கூடாது என்று அவர் ஓயாமல் எழுதினார், பேசினார்.

பொது உரைக்கும் காட்சிக்கூட உரைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லிவிட வேண்டும். முதலாவது அரங்கில் நாற்காலி போட்டு, திரையில் படம் காட்டி, ஒரு மணி நேரம் நடப்பது. ஒரு காலத்தை, ஒரு மரபை முழுதாக விரித்துச் சொல்ல அது ஏற்றது. இரண்டாவது பொருளின் முன்னால் நின்றபடி நடப்பது. இருபது நிமிடம் போதும். ஒரே ஒரு பொருள் போதும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள திருவெண்காட்டு அர்த்தநாரியை எடுத்துக்கொள்ளுங்கள். பதினோராம் நூற்றாண்டுச் செப்புத்திருமேனி. அதன் முன் பத்துப் பேரை நிறுத்தி எத்தனை கைகள் என்று எண்ணச் சொன்னால் போதும். மூன்று. சிவன் பாதியில் இரண்டு, உமை பாதியில் ஒன்று. ஏன் இந்தக் கணக்கு என்று யாராவது ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்து உரை பிறக்கட்டும். சோழர் பட்டியலிலும் உலோகக் கலவையிலும் தொடங்கினால் பாதிப் பேர் அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். முதலில் கண், பிறகு கேள்வி, அதன் பிறகே தகவல்.

தோல்பாவைக்கூத்தும் கோயிலை விட்டு வெளியே வந்திருக்கிறது. ஷொர்ணூர் அருகே கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர், பல இரவுக் கூத்தை ஒரு மணி அளவுக்குச் சுருக்கிப் பொது மேடைக்குக் கொண்டுவந்தார். அவருடைய மகன் ராமச்சந்திரப் புலவர் அதை உலக நாடுகளுக்குக் கொண்டுபோனார். காந்தியின் வாழ்வைப் பாவைக்கூத்தாக்கினார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தக் குடும்பத்துப் பெண்கள் குழு அமைத்துப் பாவை ஆட்டவும் முன்வந்திருக்கிறார்கள். இவை அத்தனையும் மகிழ்ச்சி தருபவை. ஆனால் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது உரைதான். வெளியூர்ப் பார்வையாளருக்குத் தமிழ்ப் பாட்டின் விரிவுரை புரியாது என்ற காரணம் நியாயமானது. பாலக்காட்டிலேயே அந்தக் காரணம் செல்லுமா? சித்தூர் வட்டத்தில் தமிழர் ஏராளம். கோவையிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வருகிறவர்களுக்கு ஒன்றரை மணிப் பயணம். மாவட்ட அருங்காட்சியகம் மாதம் ஒரு மாலை ஒரு புலவரை அழைத்து, ஒரே ஒரு பாவையைத் திரையில் குத்தி, ஒரே ஒரு பாட்டுக்கு முழு உரை சொல்லச் செய்யலாம். இடையில் ஐயம் எழுப்பும் பங்கு கூடியிருப்பவர்களுக்கு. பின்பு வேண்டுமானால் இயந்திரம் ஆடட்டும்.

இடுக்கிப் பக்கம் போனால் கூரையில்லாத காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் சாலையில், மறையூரைச் சுற்றிப் பாறை ஓவியங்களும் முனியறை என்று மக்கள் சொல்லும் கல்திட்டைகளும் உள்ளன. சின்னாறு சரணாலயத்தின் ஆலம்பட்டிப் பாதையில் பழங்குடி வழிகாட்டிகளோடுதான் நடந்து போக முடியும். அருங்காட்சியகத் துறை அவர்களைத் தன் உரையாளர்களாக எண்ண வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொல்லியலாளர் வந்து அவர்களுக்குக் காலக்கணிப்பைச் சொல்லித் தரட்டும். இந்தக் கல் எந்தக் காட்டுக்குள், எந்த ஊற்றுக்குப் பக்கத்தில், யாருடைய நினைவில் இருக்கிறது என்பதை அவர்கள் தொல்லியலாளருக்குச் சொல்லட்டும். அந்த அறிவுக்குத் தனி ஊதியம் கொடுக்க வேண்டும். பாதை காட்டுவதற்கான கூலியோடு அது முடிந்துவிடக் கூடாது.

மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் 2004-இல் திறந்த தேயிலை அருங்காட்சியகமும் இப்படிப்பட்ட குரலுக்குக் காத்திருக்கும் இடம்தான். பழைய உருளை இயந்திரம், துரைமார் காலத்துப் பொருள்கள், புகைப்படங்கள் எல்லாம் அங்கே உண்டு. புகைப்படத்தில் கூடை சுமந்து நிற்கும் பெண்ணின் பேத்தி இன்றும் லயத்தில் இருக்கக்கூடும். கொழுந்து கிள்ளி ஓய்வுபெற்ற ஒருவர் அந்தப் படத்தின் அருகே நின்று, கங்காணி எப்படிப் பேர் பதிந்தார், மழைக்காலத்தில் கம்பளியைத் தலையில் எப்படிப் போட்டுக்கொண்டார்கள், கூடையின் எடையில் எவ்வளவு கழித்தார்கள் என்று தமிழில் சொன்னால், அதற்கு நிகரான காட்சிக்கூட உரை எந்தப் பெருநகரத்திலும் கிடைக்காது.

இதற்கெல்லாம் பெரிய பணம் வேண்டியதில்லை. 2012-இல் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பினாலேயில் இளைஞர்களைப் பயிற்றுவித்துக் காட்சி அறைகளில் நிறுத்துகிறார்கள். அவர்கள் பார்வையாளரோடு படைப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். பாலக்காட்டிலும் மூணாறிலும் கல்லூரி மாணவர்களுக்குப் புலவர்களிடமும் தோட்டத் தொழிலாளர்களிடமும் ஒரு பருவம் பயிற்சி கொடுத்தால் போதும். தமிழும் மலையாளமும் பேசும் பிள்ளைகள் இந்த எல்லையில் குறைவில்லை.

உரையோடு சேர்ந்த கூத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஷொர்ணூர் அருகே கவளப்பாறை ஆரியங்காவுக் கோயிலுக்கு அதன் கூத்துக்காலத்தில் போகலாம். போவதற்கு முன் கூத்து நடக்கும் நாள்களைக் கோயிலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பகலில் கூனத்தறையில் உள்ள கிருஷ்ணன்குட்டிப் புலவர் நினைவு மையத்தில், தோலைப் பதப்படுத்தித் துளையிடுவதிலிருந்து பாவை உருவாகும் வேலையைக் காணலாம். இரவில் திரைக்கு முன்னால் உட்கார இடம் தாராளமாக இருக்கும். காதுக்குப் பழகும் வரை, முதல் சில பாட்டுகளுக்குப் பொறுமையாக இருங்கள். பிறகு தமிழ் தானாகவே பிடிபடும்.