சதுரங்க வேட்டை (திரைப்படம்)

சதுரங்க வேட்டை 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த, பண மோசடிகளைப் பற்றிய தமிழ்த் திரைப்படமாகும். எச். வினோத் இயக்கிய முதல் படமான இதனை மனோபாலா தயாரித்தார். நடராஜன் சுப்பிரமணியம் (நட்டி) காந்தி பாபு என்னும் ஏமாற்றுக்காரனாக நடித்தார்.

கதை

மண்ணுளிப் பாம்பு, எம்.எல்.எம்., அரிசியை ஈர்க்கும் கலசம் என மோசடிகள் ஒவ்வொன்றாக நகைச்சுவையுடன் காட்டப்படுகின்றன. மண்ணுளியின் வால் தலை போல மழுங்கியிருப்பதால், 'இருதலைப் பாம்பு' என்று சொல்லி விற்கின்றனர். ஏமாறுபவரின் பேராசையே காந்தி பாபுவின் மூலதனம்.

பின்னணி

இவ்வகை மோசடிகள் கற்பனையல்ல. 1990களில் அதிக வட்டி தருவதாகக் கூறிய நிதி நிறுவனங்கள் பல தமிழ்நாட்டில் முடங்கின. ஓய்வுக்காலச் சேமிப்பை இழந்தவர்களும் உண்டு. 1997 இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, விற்று, முதலீட்டாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர இச்சட்டம் வழிசெய்கிறது.